நீல நரிக்கு யார் குரல்? பழைய விலங்குக் கதையை அனிமேஷன் ஆக்கும்போது எல்லோருக்கும் இடம் தருவது எப்படி

பஞ்சதந்திரக் கதை ஒன்றை ஆறு நிமிட அனிமேஷனாக எடுக்கப் போகிறீர்கள். சிங்கம், புலி, யானை, குரங்கு, நரி. மனிதர்களே இல்லாத கதையில் சாதி, நிறம், ஆண் பெண், ஊர்ப் பேச்சு எல்லாம் எங்கிருந்து வரப்போகிறது என்று தோன்றும். விலங்கு வாயைத் திறந்ததுமே அத்தனையும் வந்துவிடும். பேசுகிற விலங்குக்குக் குரல் வேண்டும். குரல் என்றால் அதற்கு ஒரு ஊரும் வயதும் பழக்கமும் உண்டு. அதைக் கேட்கும் குழந்தை, "எங்க ஊர்க்காரங்க மாதிரி பேசுறதுதான் திருட்டு நரி" என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

கீழே சொல்வது நான்கைந்து பேர் கொண்ட சிறிய குழுவுக்கு, இரு பரிமாணப் படத்துக்கு. எடுத்துக்காட்டு முழுக்க நீல நரிக் கதை. அனிமேஷனில் குரல்பதிவு முந்தும், படம் அதன் பின்னால் வரும். ஆகவே இங்கே உள்ள வேலையில் முக்கால்வாசியை வசனத் தாளிலேயே முடித்துவிட வேண்டும். வாயசைவு வரைந்த பிறகு ஒரு பாத்திரத்தை ஆணிலிருந்து பெண்ணாக மாற்றினால் அந்தப் பாத்திரத்தின் எல்லாக் காட்சியையும் மறுபடி தொட வேண்டியிருக்கும்.

கதையின் குற்றம் யார் தலையில் விழுகிறது?

பள்ளிப் புத்தகச் சுருக்கத்தை வைத்து வேலை தொடங்காதீர்கள். முழு வடிவத்தைப் படியுங்கள். சுருக்கத்தில் நீல நரிக் கதை இவ்வளவுதான்: நரி சாயத்தில் விழுந்தது, ராஜாவாக நடித்தது, ஊளையிட்டு மாட்டிக்கொண்டது. நீதி, "பிறவிக் குணத்தை மறைக்க முடியாது." இந்த நீதியைப் பிறப்பை வைத்து இழிவுபடுத்தப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒன்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் ஆகும் என்று யோசியுங்கள்.

மூலத்தில் கதை வேறு மாதிரி போகிறது. நரியின் பெயர் சண்டரவன், உரத்த குரலுடையவன் என்று பொருள். நாய்களுக்குப் பயந்து ஓடிச் சாயத் தொட்டியில் விழுகிறது. ராஜாவான பிறகு சிங்கத்துக்கு மந்திரிப் பதவி, சிறுத்தைக்குத் தாம்பூலப் பொறுப்பு, யானைக்கு வாயில் காவல், குரங்குக்குக் குடை பிடிக்கும் வேலை என்று பிரித்துக் கொடுக்கிறது. தன் சொந்த இனத்தை மட்டும் அடித்துத் துரத்திவிடுகிறது. பிறகு ஒருநாள் தூரத்தில் நரிக்கூட்டம் ஊளையிடுவதைக் கேட்கிறது. உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, ஆனந்தத்தில் கண்ணீர் வருகிறது, துள்ளி எழுந்து தானும் ஊளையிடுகிறது.

அந்தக் கண்ணீரைத்தான் சுருக்கம் தின்றுவிட்டது. குற்றம் நரியாகப் பிறந்ததில் இல்லை, உறவைத் துரத்தியதில் இருக்கிறது. சம்பவம் எதையும் மாற்றாமலே கதையின் எடை இடம் மாறிவிடும். எந்தப் பழங்கதைக்கும் முதல் வேலை இதுதான். கடைசியில் தண்டனை பெறுபவர் என்ன செய்ததற்காகப் பெறுகிறார் என்று ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரியில் பிறப்போ, உடம்போ, நிறமோ காரணமாக வந்தால் மூலத்துக்குத் திரும்பிப் போய் வேறு காரணம் தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வேறு கதை எடுப்பது நல்லது. எலிப்பெண் கதையில் முனிவர் எலிக்குட்டியைப் பெண்ணாக்கி வளர்த்தவள் சூரியன், மேகம், காற்று, மலை எல்லாவற்றையும் விட்டு எலியையே மாப்பிள்ளையாகக் கேட்பாள். "இனம் இனத்தோடு" என்பதைத் தவிர அதற்குள் வேறு எதையும் வைக்க இடமில்லை.

சாயத் தொட்டிக்காரரைப் பழைய பதிப்புகள் சாதிப் பெயரால் சொல்லும். நீங்கள் "சாயக்காரர்" என்று தொழிலால் சொல்லுங்கள், அந்தத் தொழிலைச் சரியாகக் காட்டுங்கள். அவுரிச் சாயத் தொட்டிக்குள் நீர் நீலமாக இருக்காது, மஞ்சள் பச்சையாக இருக்கும். வெளியே எடுத்த துணி காற்றுப் படப்படத்தான் நீலமாகும். நரி மஞ்சள் பச்சையாக வெளியே வந்து, ஓடும்போது மெல்ல நீலமாக மாறுவதாக வரையலாம். நான்கு நொடி போதும், பார்க்கவும் அழகு. மழையில் சாயம் கரைவதாக முடிக்கும் வடிவத்தைத் தவிருங்கள். அவுரி அப்படிக் கரையாது, மழை வந்தால் ஊளைக்கும் வேலை இல்லாமல் போய்விடும்.

வினைமுற்றில் ஒளிந்திருக்கும் ஆண்

2011ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 20ஆம் நூற்றாண்டின் 5,618 சிறுவர் நூல்களை எண்ணிப் பார்த்தது. ஆண் விலங்கு மையப் பாத்திரமாக வந்தவை ஆண்டுக்கு 23 சதவீதத்துக்கும் மேல், பெண் விலங்கு வந்தவை 7.5 சதவீதம். மனிதக் கதைகளைவிட விலங்குக் கதைகளில்தான் இடைவெளி பெரிது. 1926ல் வந்த 'வின்னி த பூ' என்ற ஆங்கிலச் சிறுவர் நூலில், அந்தக் கரடியின் காட்டில் பெண் என்று ஒரே ஒரு கங்காருதான், அவளும் ஒரு குட்டியின் அம்மா. பீட்டர் முயல் என்ற பழைய ஆங்கிலச் சிறுவர் கதையை 2012ல் தொலைக்காட்சித் தொடராக்கியவர்கள் இந்தக் குறையைக் கண்டுதான் லில்லி என்ற முயலைப் புதிதாகச் சேர்த்தார்கள்.

தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது. விலங்கு அஃறிணை. "நரி வந்தது" என்றால் அது ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. "நரியார் வந்தார்" என்றாலும் அப்படியே. ஆங்கில வசனத்தை வைத்துக்கொண்டு எழுதும்போதுதான் அங்குள்ள 'ஹி' எல்லாம் இங்கே "அவன்" ஆகிவிடுகிறது. மொழி ஒரு பாத்திரத்தையே மாற்றிவிடும் என்பதற்கு ரஷ்யா சாட்சி. கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' கதைகளில் வரும் கருஞ்சிறுத்தை பகீரா ஆண். ரஷ்ய மொழிபெயர்ப்பில் பெண்ணாகி, 1967 முதல் 1971 வரை வந்த சோவியத் அனிமேஷனிலும் பெண்ணாகவே வந்தது. அந்தக் கதைக்கு அதனால் எந்தக் கேடும் வரவில்லை.

செய்ய வேண்டியது: வசனத் தாளில் ஒவ்வொரு "அவன்", "டா", "நண்பா", "பயலே"வுக்கும் கீழே கோடு போடுங்கள். கதைக்குத் தேவைப்படாத இடத்தில் "அது" அல்லது "அவங்க" போடுங்கள். பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி (நெடுவரிசை) இழுத்துப் பாத்திரவாரியாக எண்ணுங்கள்: எத்தனை சொல் பேசுகிறது, எத்தனை நொடி திரையில் நிற்கிறது, கதையைத் திருப்பும் முடிவு எத்தனை எடுக்கிறது. ஆறு நிமிடச் சிறுவர் படத்துக்கு மொத்தமே 350 முதல் 400 சொல்தான் தாங்கும், எண்ணுவதற்கு அரை மணி நேரம் ஆகாது.

மூன்றாவது பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிங்கத்தைப் பெண் சிங்கம் ஆக்கிவிட்டு, அது "ஆகட்டும் மகாராஜா" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் முதல் இரண்டு பத்தி நிறையும், மூன்றாவதில் பூஜ்யம் நிற்கும். நீல நரிக் கதையில் நரிக்கூட்டம் ஊளையிடுவது மூலத்தில் தற்செயல். அதை ஒரு முடிவாக மாற்றலாம். கூட்டத்தின் மூத்த பெண் நரி, ராஜாவின் குரலில் தன் வீட்டுப் பிள்ளையை அடையாளம் காண்கிறது. காட்டிக்கொடுக்காமல், கூட்டத்தை எதிர்மேட்டுக்கு அழைத்துப்போய் ஊளையிட வைக்கிறது. கதை திரும்புவதே அங்கேதான். இதற்காக ஒரு காட்சிகூடக் கூடுதலாக வேண்டாம்.

இயற்கையே கொடுத்த இடங்களையும் விட்டுவிடாதீர்கள். வேலைக்கார எறும்பும் வேலைக்காரத் தேனீயும் பெண்தான். யானைக் கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானை. மறுபக்கம், கூவுகிற குயில் ஆண். இவற்றை உள்ளபடி எழுதினாலே பாதி கணக்கு நேராகிவிடும்.

யார் யாரை எப்படி அழைக்கிறார்கள்?

இது தமிழ் போன்ற மொழிகளில் வரும் சிக்கல், ஆங்கில வழிகாட்டிகளில் பெரும்பாலும் கிடைக்காது. பாத்திரங்களை மேலேயும் பக்கவாட்டிலும் எழுதி ஒரு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீ, நீங்க, டா, டி, வாங்க, வாடா என்று அழைப்பை நிரப்புங்கள். நிரப்பி முடித்ததும் பெரும்பாலான முதல் வரைவுகளில் ஒரே படம் தெரியும்: சிங்கத்துக்கு எல்லோரும் "நீங்க", கழுதைக்கும் நரிக்கும் எல்லோரும் "டேய்". வயதான கழுதையைக்கூடக் குட்டிக் குரங்கு "டேய்" என்கும். வேலை செய்கிறவரை வயது பார்க்காமல் ஒருமையில் அழைக்கிற வழக்கம் அப்படியே காட்டுக்குள் குடிவந்துவிட்டது.

கதைக்கு அந்த ஏற்றத்தாழ்வு தேவையென்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது கதையில் நகர வேண்டும். நீல நரி அரியணை ஏறியதும் புலி "நீ"யிலிருந்து "தாங்கள்" ஆவது நல்ல நகைச்சுவை. யானையும் மூத்த நரியும் மட்டும் கடைசிவரை எல்லோரையும் "நீங்க" என்றே அழைப்பது பாத்திரத்தைச் சொல்லிவிடும்.

ஊர்ப் பேச்சு

அதிகம் சறுக்குவது இங்கேதான். திருடன் சென்னைத் தமிழ், கோமாளி கொங்குத் தமிழ், அடியாள் நெல்லைத் தமிழ், வட்டிக்காரர் இந்தி கலந்த தமிழ், புத்திசாலியும் நல்லவரும் ஊர் தெரியாத பொதுத் தமிழ். டப்பிங்கில் இந்த வாய்ப்பாடு பழகிப்போய்விட்டது. ஈழத்து வழக்கைச் சிரிப்புக்கென்றே இரண்டு வரி பேச வைப்பதும் உண்டு.

இதன் பழைய உலக உதாரணம் 1941ல் வந்த டம்போ, பறக்கும் யானைக்குட்டியைப் பற்றிய டிஸ்னி படம். அதில் வரும் காக்கைகள் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பேச்சைப் பேசும். தலைமைக் காக்கைக்குத் தயாரிப்பில் வைத்த பெயர் ஜிம் குரோ, தென் மாநிலங்களின் நிறவெறிச் சட்டங்களைக் குறித்த அதே பெயர். குரல் கொடுத்தவர் கிளிஃப் எட்வர்ட்ஸ் என்ற வெள்ளையர், மற்ற காக்கைகளுக்குப் பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்கள். 1955ல் வந்த லேடி அண்ட் த டிராம்ப் என்ற டிஸ்னி படத்தில், ஆசியர்களின் பேச்சைக் கேலி செய்யும் சயாமியப் பூனைகளும் இதே வகை. 2020ல் டிஸ்னி பிளஸ் தளம் இவற்றுக்கு முன்னால், இந்தச் சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்று அறிவிப்புப் போட்டது. 2019ன் மறு ஆக்கங்களில் காக்கைகள் அடியோடு நீக்கப்பட்டன, பூனைகள் வேறு இனமாயின. நீக்குவது எளிது. ஆனால் யானைக்குட்டிக்குப் பறக்கத் தைரியம் தந்ததே அந்தக் காக்கைகள்தான். நல்ல வேடத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் அந்தக் குரலுக்குப் படத்தில் இடமே இல்லாமல் போகிறது.

ஆகவே வட்டார வழக்கைப் பயந்து ஒதுக்காதீர்கள். இரண்டு வழி உண்டு. காடு முழுக்க ஒரே வட்டாரம், அதாவது சிங்கம் முதல் எலி வரை எல்லோருக்கும் ஒரே ஊர்ப் பேச்சு. செலவு குறைவு, தவறும் குறைவு. அல்லது பல வட்டாரம், அப்போது அன்பு, அறிவு, அதிகாரம் மூன்றையும் வட்டாரம் பேசும் பாத்திரங்களுக்கே பங்கிட வேண்டும்.

நீல நரிக்கு இரண்டாவது வழி பொருந்தும், ஏனென்றால் ஊளை என்பதே அந்த நரியின் தாய்ப்பேச்சு. அரியணையில் மேடைத் தமிழ் பேசுகிற நரி, கூட்டத்தின் குரல் கேட்டதும் சொந்தப் பேச்சுக்குத் திரும்புகிறது. அதைச் சரியாகச் செய்யாவிட்டால் ஊர்ப் பேச்சு மானக்கேடு என்று ஆகிவிடும். ஒரு வரைவைப் பாருங்கள்:

நீல நரி: "அவனுங்க எல்லாம் நாத்தம் புடிச்ச பயலுவ. அடிச்சு வெரட்டு!"

ஊர்ப் பேச்சு இங்கே வசைக்கு மட்டும் பயன்படுகிறது. "அவனுங்க", "பயலுவ" கூட்டம் முழுவதையும் ஆணாக்கிவிட்டன. மாற்றிய வடிவம்:

நீல நரி: "அவர்கள் இங்கே இருக்கக் கூடாது. இன்றைக்கே போக வேண்டும்."

மூத்த நரி, மெல்ல: "இந்தத் தொண்டைய எனக்குத் தெரியும். நம்ம புள்ளைலா அது."

கொடுமை மேடைத் தமிழில் வருகிறது, பாசம் நெல்லைப் பேச்சில் வருகிறது. ஊளைக் காட்சிக்கு முன்பே ஒரு முறையாவது இப்படி மரியாதையான இடத்தில் அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால்தான் கடைசியில் குழந்தை சிரிக்காது.

குரல் தருபவர் அந்த ஊர்க்காரராக இருக்கட்டும். "நெல்லைத் தமிழ் எனக்கு வரும்" என்பவர் பெரும்பாலும் சினிமாவில் கேட்ட நெல்லையைப் பேசுவார், வரிக்கு வரி "ஏலே" போடுவார். வசனத்தின் பொருளை மட்டும் சொல்லி, அவர் வாயில் எப்படி வருகிறதோ அப்படி மூன்று முறை பதிவு செய்யுங்கள். மூன்றாவது முறை வருவதுதான் வழக்கமாக இயல்பானது. யாழ்ப்பாணப் பேச்சையும் மட்டக்களப்புப் பேச்சையும் ஒன்றாக்கிவிடாதீர்கள், கேட்பவர்களுக்கு உடனே தெரியும். ஒரு நகைச்சுவை வரியில் ஐயம் வந்தால் அதே வரியைப் பொதுத் தமிழில் படித்துப் பாருங்கள். சிரிப்பு நின்றுபோனால், சிரித்தது அந்த ஊரைப் பார்த்துத்தான்.

வரையும்போது

கறுப்பு விலங்குகளைக் கெட்டவை ஆக்குவது பாதி சோம்பேறித்தனம். இருட்டில் கறுப்பு தெரியாது, முகபாவம் காட்ட முடியாது, அதனால் காக்கைக்கு முகமில்லாத வில்லன் வேடம். காக்கையை முழுக் கறுப்பால் நிரப்பாதீர்கள். கணினி வண்ண அளவில் (0 முதல் 255 வரை) சிவப்பு 30, பச்சை 32, நீலம் 48 வைத்துக் கருநீலம் எடுங்கள். உள்கோடுகளை உடலைவிட வெளிர்ந்த நிறத்தில் போடுங்கள். நிலவு இருக்கும் பக்கம் மெல்லிய ஒளிக்கோடு கொடுங்கள். கண்ணும் அலகும் பேசத் தொடங்கிவிடும். படத்தின் வண்ணத் தாளை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்து, நல்லவர்கள் எல்லோரும் வெளிர்ந்தும் கெட்டவர்கள் எல்லோரும் இருண்டும் தெரிந்தால் இரண்டு பேரை இடம் மாற்றுங்கள். மனிதர்களுக்கும் இதே சோதனை. வேடன் என்றதும் கறுத்த உடம்பு, பாசிமணி, தலையில் இறகு என்று பழங்குடி அடையாளங்களை ஏற்றிவிடும் கை பழக்கத்தைத் தடுத்தே ஆக வேண்டும்.

பெண் விலங்கென்றால் கண்ணிமை மயிர், காதில் ரிப்பன், இளஞ்சிவப்பு என்று ஒட்டுவதும் வேண்டாம். மூத்த நரிக்கு முகவாயில் நரை, மெலிந்த விலா, நிதானமான நடை போதும், மற்றதைக் குரல் சொல்லும்.

நரியே நரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தச் சித்திரம் எல்லாம் ஆரஞ்சு நிறமும் வால்நுனியில் வெள்ளையுமான செந்நரி. தமிழ்நாட்டுச் சமவெளியில் அது கிடையாது. நம் நரி மங்கிய பழுப்பு, நீண்ட கால், அளவான வால், நுனி கறுப்பு. பின்னணியில் பைன் மரத்துக்குப் பதில் கருவேலமும் பனையும் நிற்கட்டும்.

உடல் ஊனம் உள்ள பாத்திரம்

நொண்டுவதை வில்லனின் அடையாளமாக்காதீர்கள், கடைசியில் மந்திரத்தில் குணமாக்கவும் செய்யாதீர்கள். உடல் பலவீனத்தை நகைச்சுவை ஆயுதமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2018ன் பீட்டர் முயல் படம் இருக்கிறது. ஒவ்வாமை உள்ள மனிதர்மீது அதே பழத்தை முயல்கள் எறியும் காட்சிக்காகத் தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

மூன்று கால் நாய் ஒன்று கூட்டத்தில் வருகிறது என்றால் நான்கு கால் நடையில் ஒரு காலை அழித்துவிட்டுப் போகாதீர்கள், அது மிதப்பது போல் இருக்கும். நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது. முன்னங்கால் இல்லாத நாய், இருக்கும் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் தலையும் தோளும் தாழ்ந்து எழும். பின்னங்கால் இல்லாததற்கு அந்த ஆட்டம் குறைவு, ஓட்டத்தில் கிட்டத்தட்டத் தெரியாது. நடைக்கும் ஓட்டத்துக்கும் தனித்தனிச் சுழற்சி (திரும்பத் திரும்ப ஓடவிடும் படத்தொடர்) வரைய வேண்டும். இரண்டு நாள் கூடுதல் வேலை, முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். சைகை மொழி பேசும் பாத்திரம் என்றால் கார்ட்டூனில் வழக்கமான நான்கு விரல் கை உதவாது, ஐந்து விரல் வேண்டும். சைகையைச் செவித்திறன் குறைந்த ஒருவர் செய்து காட்ட, அந்த வீடியோவை வைத்து வரையுங்கள். திரையின் அடியில் வரும் துணையெழுத்தில் (சப்டைட்டில்) வரிக்கு நான்கைந்து சொல், ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

குழந்தைகளிடம் காட்டிப் பார்ப்பது

குரலும் பென்சில் படங்களும் சேர்த்த அனிமேட்டிக் ஆனதும் காட்டுங்கள். முடிந்த படத்தைக் காட்டினால் எதையும் மாற்ற மனம் வராது. ஆறு முதல் எட்டுக் குழந்தைகள், வெவ்வேறு பள்ளி, வெவ்வேறு தெரு, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வேண்டாம். பாதிப் பேருக்குச் சத்தமில்லாமல் படம் மட்டும், மீதிப் பேருக்குப் படமில்லாமல் சத்தம் மட்டும் முதலில் போடுங்கள். படம் மட்டும் பார்த்தவர்கள் வில்லனைச் சட்டென்று சொல்லிவிட்டால் நிறத்திலோ உடலமைப்பிலோ முத்திரை குத்தியிருக்கிறீர்கள். சத்தம் மட்டும் கேட்டவர்கள் சொல்லிவிட்டால் பேச்சில்.

"எல்லோரையும் நல்லா காட்டியிருக்கோமா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்பார்கள். யாரு பெரியவங்க, யாரு சொன்னதை எல்லாரும் கேட்டாங்க, விளையாட்டுல நீ யாரா இருப்பே, உங்க வீட்டுல யாரு மாதிரி பேசுனாங்க என்று தனித்தனியாகக் கேளுங்கள். யாராகவும் இருக்க விரும்பாத பாத்திரம் எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாத்திரத்தின் வசனத் தாளைத்தான் திரும்பத் திறக்க வேண்டும்.

மறுபதிவுக்கு வழி வைத்தே காட்சிகளைப் பிரியுங்கள். ஆறு நிமிடப் படத்தில் எட்டுப் பத்து இடத்திலாவது பேசுபவர் முதுகு காட்டியோ, புதருக்குப் பின்னாலோ, தூரத்திலோ இருக்கட்டும். அங்கே வாயசைவு தெரியாது, ஒரு வரியைக் கடைசி வாரத்தில்கூட மாற்றலாம். நீல நரியில் அப்படி வைக்கத் தோதான இடம் மூத்த நரியின் அந்த ஒரே வரி. இருட்டு மேடு, நிலவுக்கு எதிரே நிழலாக நிற்கும் கூட்டம், யார் வாயும் தெரியாது. நெல்லைக்காரர் கிடைக்கத் தாமதமானாலும் படம் அவருக்காகக் காத்திருக்கும்.